லூர்தம்மாள் அடைக்காத குழி

லூர்தம்மாள் என் வீட்டுப் பின்வளவிலுள்ள திருக்குழியைச் சீமெந்து பூசி அடைத்தாள் என்றும், அந்தக் குற்றத்துக்காகவே ஒரு வருடம் திரும்புவதற்குள் காய்ச்சலில் இறந்தாள் என்றும் நம் ஆலயத்து மாதர் சபையில் பேசப்படுகிறது. இரண்டும் பிழை. குழியை அடைத்தவள் நான். சீமெந்தைக் குழைத்ததும் பூசியதும் என் இரண்டு கைகள். அவளைக் கொண்டுபோன காய்ச்சல் அதே வாரம் அவள் தெருவில் வேறு வீடுகளுக்கும் போயிற்று. அங்கே உள்ளவர்கள் யாரும் எந்தக் குழியையும் தொட்டவர்கள் அல்லர்.

செய்தி எனக்கு ஆலய வாசலில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, தூறலுக்குக் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். சபைச் செயலாளர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கேள்விப்பட்டீங்களா? அந்த மெஷின்காரி போயிட்டாவாம். வெள்ளிக்கிழமையே அடக்கம் பண்ணிட்டாங்களாம்.”

“எந்த மெஷின்காரி?”

“என்ன இப்படிக் கேக்குறீங்க? உங்க குழிய அடைச்சவ.”

 அவரைத் திருத்தாமல் மேட்டுத் தெருவில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அதற்கான காரணத்தை இதில் எழுதுகிறேன். அவளை அறிந்தவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். படித்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

குழியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நற்கருணைத் துகள் ஒட்டியிருக்கலாம் என்பதால், பலிபீடத் துகில்களின் முதல் தண்ணீரைப் பங்குச் சுவாமியே கோவிலில் அலசி, நேரே மண்ணுக்குப் போகும் தொட்டியில் ஊற்றிவிடுவார். அதன்பிறகே அவை வெளுப்புக்காக நம் கைக்கு வரும். இரண்டாம் தண்ணீரைப் பற்றியும் மூன்றாம் தண்ணீரைப் பற்றியும் திருச்சபை ஒன்றும் கேட்கவில்லை. நான் என்னிடமே கேட்டேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் என்னை வளர்த்த மதர், செய்வதைக் கேட்டதற்கு மேலே ஒரு படி செய்யச் சொல்லித் தந்தவர். பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் கானில் இந்தத் தண்ணீரும் போவதா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கணவர் உயிரோடிருந்த காலத்தில், குசினிக்குப் பின்னால், ஈரப்பலா மரத்தடியில், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, கரியும் சரளைக் கல்லும் நிரப்பி, துத்தநாகத் தகட்டினால் ஒரு மூடி செய்து தந்தார். பதினாறு வருடங்கள் சனிக்கிழமைதோறும் அதில் ஊற்றினேன். திருக்குழி என்று பெயர் வைத்தவர்கள் சபையார். மற்றப் பங்குகளிலிருந்து வந்த பெண்களுக்கும் காட்டினார்கள். நான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குழியிலிருந்து ஒரு முழம் தள்ளி வீட்டின் கான் ஓடுகிறது. மண் குழாய், வளவின் அடியால் போய், கல்மதிலைத் துளைத்து, கீழ்த் தெருவில் விழும். எங்கள் வளவு சரிந்து போகாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மதில்தான். அதன் அடியில், மதிலையே பின்சுவராக வைத்து, பாத்தும்மாவின் வீடு இருக்கிறது. அவள் கணவன் மடவளையில் தகர வேலை செய்பவன். காலை பஸ்ஸில் போனால் பொழுது சாய வருவான். வீட்டில் அவளும் மூன்று பிள்ளைகளும் படுக்கையிலிருக்கும் அவளுடைய உம்மாவும்.

சென்ற ஐப்பசி மழையில் என் குசினித் தண்ணீர் போக மறுத்தது. கானின் வாயில் நிரம்பி, படிமேல் ஏறி நின்றது. இரண்டு ஆட்களைப் பிடித்து மூங்கில் சிலாகையால் குத்தச் சொன்னேன். சிலாகை உள்ளே முறிந்தது. அவர்கள் கையை விரித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பாத்தும்மா படியேறி வந்தாள். வழக்கத்தில் என்னை நோனா என்று மரியாதையாக அழைத்து, வேலிக்கு அப்பால் நின்று பேசுகிறவள், அன்று குசினி வாசல்வரை வந்தாள்.

“நோனா, எங்கட பின்சுவர் வேர்க்குது. நாலு நாளா ஈக்கி. நேத்து ஒரு கல்லு வெளிய எட்டிப் பாக்குது.”

“எட்டிப் பார்க்கிறதென்றால்?”

“இவ்வளவு,” என்று தன் விரலின் ஒரு கணுவைக் காட்டினாள். “காலையில இவ்வளவு,” என்று இரண்டாவது கணுவைத் தொட்டாள்.

போக வழியில்லாத தண்ணீர் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மதிலுக்குப் பின்னால் முழு வளவும் நனைந்த பஞ்சாக நின்றது. அன்று முழுவதும் நான் சப்தம் கேட்டுக்கொண்டே இருந்தேன். தட்டு விழுந்தாலும் மதில் என்று நினைத்தேன்.

லூர்தம்மாளையும் அவள் கணவன் அந்தோனியையும் பற்றிச் சொன்னவர் பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர். மின்சாரத்தால் ஓடும் இயந்திரம் ஒன்றை வைத்து அவர் வீட்டுக் கானை அரை நாளில் திறந்துவிட்டார்களாம். அந்தோனி ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவன். அமெரிக்காவில் இப்படி ஒன்று வந்திருப்பதாக, துரை பங்களாவில் கிடந்த ஆங்கிலச் சஞ்சிகையில் படம் பார்த்து, கழித்துவிட்ட மோட்டார் ஒன்றையும் உருக்குக் கம்பிச் சுருளையும் கொண்டு தானே செய்துகொண்டான். கம்பியின் நுனியில் அரிவாள் போல் வளைந்த இரண்டு பிளேடுகள். மோட்டார் கம்பியைச் சுழற்றும். சுழலும் கம்பியைக் கையால் பிடித்துக் குழாய்க்குள் ஊட்ட வேண்டும். ஊட்டுகிற கை லூர்தம்மாளுடையது.

அவர்கள் பஸ்ஸின் கூரையில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு, முழங்கைவரை வரும் தோல் கையுறையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். என்னைக் கும்பிட்டாள். பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை இது:

“அம்மா, எனக்கு இந்த மெஷினுன்னா பயம். அத மொதல்ல சொல்லிப்புடுறேன்.”

எனக்கு எரிச்சல் வந்தது. “பயந்தவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாய்?”

“பயப்படாதவரு செஞ்சுதாங்க ரெண்டு விரலு போச்சு,” என்று கணவனைக் காட்டினாள்.

அந்தோனி வலக்கையைத் தூக்கிப் பார்த்தான். “ரெண்டரை. அம்மாகிட்ட சரியா சொல்லு புள்ள.”

கம்பி எங்கேயாவது சிக்கினாலும் மோட்டார் நிற்காது. முறுக்கேறும் கம்பி வெளியே வளையமாகத் துள்ளி, அகப்பட்டதைச் சுற்றிக்கொள்ளும். அப்படித்தான் அவன் விரல்கள் போயின. அதன்பிறகு சுவிட்சு அவனுக்கு, கம்பி அவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. தொடங்குவதற்குமுன் எதற்கெல்லாம் பயப்படுகிறாள் என்று உரக்கச் சொல்லுவாள்; அந்தோனி ஒவ்வொன்றுக்கும் என்ன செய்திருக்கிறான் என்று பதில் சொல்லுவான். எங்கள் பள்ளியில் ஞானோபதேசக் கேள்வி பதில் சொல்வது போலவே இருந்தது.

“தரை ஈரமா கெடக்கு. கரண்டு அடிக்குமுன்னு பயம்.”

“மண்ணுக்குக் கம்பி கட்டிட்டேன். நீ பொட்டி மேல நிக்கிற.” கவிழ்த்த தேயிலைப் பெட்டியின்மேல் காய்ந்த சாக்கு மடித்துப் போட்டிருந்தான்.

“கம்பி துள்ளுமுன்னு பயம்.”

“நீ வாயத் தொறந்தா நான் நிப்பாட்டுவேன். கைய எடுத்துக்க.”

“உள்ள என்னா கெடக்குன்னு தெரியாது. அது பயம்.” இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அம்மா, இந்த எடத்துல வேற தண்ணி எறங்குதுங்களா? வேற குழி, வேற கொழாய் ஏதாச்சும்?”

ஈரப்பலா மரம் பத்தடியில் நின்றது. குழியின் மூடிமேல் நான் ஒரு பூச்சாடியை வைத்திருந்தேன்.

“இல்லை,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கான் வேலைக்கு வந்தவர்கள் அந்தக் குழியை எட்டிப் பார்ப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. அது கான் அல்ல, ஆகவே கேள்வி அதைப் பற்றியது அல்ல என்றும் எனக்குள்ளே ஒரு நியாயம் ஓடியது. கன்னியர் மடத்தில் படித்தவர்களுக்கு இப்படி நியாயம் கண்டுபிடிக்கத் தெரியும்.

அந்தோனி சுவிட்சைத் தட்டினான். வீட்டுக் கூடத்தில் விளக்கு மங்கியது. மோட்டாரின் இரைச்சலை மதில் வாங்கித் திருப்பிப் போட்டது. லூர்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, சுழலும் கம்பியை ஒரு சாண், ஒரு சாணாகக் கானின் வாய்க்குள் விட்டாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம் என்று தெரிந்தது. முறிந்த மூங்கில் துண்டுகள் முதலில் வந்தன. பிறகு கம்பி ஏதோ ஒன்றில் போய் மோதியது. அவள் முழங்கை அதிர்ந்தது. “நில்லு,” என்றாள். நின்றது. பின்னால் இழுத்து மறுபடி விட்டாள்.

“வேரு. ஆனா நேரா போகல. பக்கத்துல இழுக்குது.”

“மண்ணு எறங்கியிருக்கும். போ,” என்றான் அந்தோனி.

அவள் போனாள். நான் குசினிப் படியில் நின்றுகொண்டிருந்தேன். மரத்தடியில் என் பூச்சாடி ஆடியதைக் கண்டேன். முதலில் மழைத்துளி என்று நினைத்தேன். பிறகு அது ஒரு பக்கம் சரிந்து விழுந்து உடைந்தது. துத்தநாக மூடி தானே தாளம் போடத் தொடங்கியது. கரியும் சரளையும் அதன் விளிம்பால் சிதறின. மூடி ஒரு சாண் எழும்பி அப்பால் விழ, அந்தக் குழியின் நடுவிலிருந்து, சேற்றோடும் வேரோடும் சுழன்றபடி, பிளேடுகள் வெளியே வந்தன.

 லூர்தம்மாளுக்கு அந்தப் பக்கம் முதுகு. கம்பியின் பாரம் குறைந்ததை மட்டும் அவள் கை அறிந்தது. “நிப்பாட்டு, நிப்பாட்டு,” என்று கத்திக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். கம்பி ஒரு முறை துள்ளி அவள் பாவாடை ஓரத்தைச் சுற்றி இறுக்கி, அவளைப் பெட்டியிலிருந்து இழுத்துச் சேற்றில் போட்டது. அதற்குள் அந்தோனி நிறுத்திவிட்டான். கிழிந்தது துணி மட்டும். அதே நேரத்தில் கீழேயிருந்து பாத்தும்மாவின் குரல் வந்தது.

“நோனா, கல்லு விழுந்திட்டு! தண்ணி பாயுது!”

லூர்தம்மாள் சேற்றில் உட்கார்ந்தபடியே குழியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“அது என்னா தண்ணிங்கம்மா?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, பலிபீடத் துகில் அலசிய தண்ணீர் என்று மட்டும் சொன்னேன்.  அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள்.

“அதுக்குள்ளயா பிளேட விட்டேன்? சொல்லியிருந்தா சுத்திப் போயிருப்பேனேம்மா.”

அந்தோனி மண்டியிட்டுக் குழியைப் பார்த்துவிட்டு விளங்கப்படுத்தினான். மற்ற இடமெல்லாம் காய்கிற மாதங்களிலும் அந்தக் குழி காயவில்லை. ஈரப்பலாவின் வேர் தண்ணீரைத் தேடி அங்கே வந்து, பெருத்து, பக்கத்திலிருந்த குழாயின் பொருத்தை நெம்பித் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறது. பதினாறு வருடம் வாரம் தவறாமல் அந்த வேருக்குத் தண்ணீர் வார்த்தவள் நான்.

“மறுபடி விடணும். இப்ப விட்டாதான் மதிலு நிக்கும்,” என்றான்.

“விடுறேன். கீழ உள்ளவங்க வெளிய வரட்டும்,” என்றாள் லூர்தம்மாள். “அவங்க மேல வந்து ஒக்காராம நான் கைய வைக்க மாட்டேன்.”

“எங்கே உட்காருவது?” என்று கேட்டேன்.

அவள் என் வீட்டுக் கூடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 

நான் கீழே இறங்கிப் போனேன். அந்தப் படியில் நான் இறங்கியது அதுவே முதல் தடவை. மதிலின் நடுவில் ஒரு பானை அளவு ஓட்டை. அதிலிருந்து சிவந்த தண்ணீர் தாழ்வாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த கற்கள் வயிறு தள்ளி நின்றன. அந்தோனியும் பாத்தும்மாவும் கிழவியை ஒரு கதிரையில் வைத்துத் தூக்க, பிள்ளைகளை நான் கூட்டிக்கொண்டு வந்தேன். கிழவியை என் கூடத்தில், என் கணவரின் சாய்கதிரையில் இருத்தினோம். கிழவி சுற்றிப் பார்த்தார்.

“நாப்பது வருஷம் கீழ ஈந்து இந்த ஊட்டப் பாத்தன். இண்டைக்குத்தான் உள்ளுக்குக் கூப்பிட்டீங்க. மதில் விழோணும் எண்டு ஈந்திச்சே.”

“உம்மா, வாய வெச்சிக்கொண்டு சும்மா ஈங்க,” என்றாள் பாத்தும்மா. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கிழவி சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை.

லூர்தம்மாள் திரும்பவும் பெட்டியில் ஏறினாள்.  “பயமா இருக்குங்கம்மா. அதுனாலதான் மெதுவா போறேன்,” என்றாள். மூன்றாம் முறை கம்பி உள்ளே போயிற்று. குழிப் பக்கம் இழுத்தபோதெல்லாம் அவள் நிறுத்தினாள், கம்பியைத் திருப்பினாள், மறுபடி விட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு தடவை கம்பி வளைந்தெழுந்தது. இரண்டு தடவையும் அவள் வாயைத் திறக்குமுன்பே அந்தோனி நிறுத்திவிட்டான். நான் கூடத்து வாசலில் நின்று, ஒரு கண்ணை அவளிலும் ஒரு காதை மதிலிலும் வைத்திருந்தேன். நான் செபிக்கவில்லை. அன்று எனக்குச் செபிக்க வாய் வரவில்லை.

முடிவில் அவள், “வருது,” என்றாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். என் கையின் நீளத்துக்கு, சடை பின்னியது போல் ஒரு வேர்க் கட்டு வெளியே வந்தது. அதன் பின்னால் வீட்டின் அடியில் ஒரு முழக்கம் கேட்டது. மதில்தான் போயிற்று என்று நினைத்துப் பாத்தும்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது தண்ணீர். நாட்கணக்கில் தேங்கிய தண்ணீர் கீழ்த் தெருக் கானில் போய் விழுகிற ஓசை. மதில் நின்றது.

போகுமுன் லூர்தம்மாள் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய், என் கையைப் பிடித்து மதில்மேல் வைத்தாள். “மழை விட்டதும் வந்து உள்ளங்கைய வச்சுப் பாருங்கம்மா. கல்லு குளுந்தா பரவாயில்ல. குளுந்து வழுக்குச்சுன்னா அன்னைக்கே ஆள் அனுப்புங்க.” பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அந்தக் குழிய மூடிடணும். இல்லாட்டி வேரு திரும்ப வரும்.”

“நீயே மூடிவிட்டுப் போயேன்.”

“ஐயோ, நான் மாட்டேம்மா. ஏற்கெனவே பிளேட விட்டுட்டேன். சாமி தண்ணி போன எடம். நீங்கதான் மூடணும்.”

இதை நம் சபையார் கவனிக்க வேண்டும். நான் சொன்னேன், அவள் மறுத்தாள்.

மறுநாள் நான் சுவாமியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். “இரண்டாம் தண்ணீரா? அதை ரோசாச் செடிக்கு ஊற்றுங்கள் அம்மா. அதில் கடமை ஒன்றும் இல்லை,” என்றார். வீட்டுக்கு வந்து சீமெந்து குழைத்து, நானே மூடினேன். வேலைக்காரப் பெண்ணைக்கூட அருகில் விடவில்லை. பதினாறு வருடப் பெருமையை மூடுகிறபோது யாரும் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

சனிக்கிழமை சபையார் துகில்களோடு வந்தார்கள். மூடியிருந்த குழியைக் கண்டு செயலாளர் திகைத்து நின்றார். யார் அடைத்தது என்று கேட்டார். நான் சொன்னது இதுதான்: “கான் வேலைக்கு ஆட்கள் வந்துபோனார்கள்.” அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். செயலாளர் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டு சபைக் குறிப்பேட்டில் எழுதினார். நான் அந்தக் குறிப்பை வாசித்தேன். வாசித்துவிட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

அதன்பின் ஆலயத்தில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். லூர்தம்மாளும் நம் ஆலயத்துக்கே பூசைக்கு வருகிறவள்; அவள் உட்கார்ந்த வாங்குப் பலகையில் வேறு பெண்கள் உட்காரவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவசு காலத்தில் ஒரு நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றாள்.

“அம்மா, நான் அடைச்சேன்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நின்னுரும்.”

“பார்ப்போம்,” என்றேன்.

“இன்னொன்னு கேக்கணும். பிளேட உள்ள விட்டேனே, அதுக்கு ஏதாச்சும் செய்யணுமா? பாவசங்கீர்த்தனத்துல சொல்லவும் எனக்குப் பயமா இருக்கு.”

சுவாமி சொன்ன பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால், கடமையில்லாத ஒன்றைப் பதினாறு வருடம் செய்து, அதனால் ஒரு மதிலையும் ஒரு குடும்பத்தையும் சரிக்கப் பார்த்தவள் நான் என்று ஆகிவிடும். “அதெல்லாம் ஒன்றுமில்லை, போய் வா,” என்று மட்டும் சொன்னேன். நான் அப்படிச் சொல்லிய விதத்தில் அவள் ஆறுதல் அடைந்திருக்க முடியாது.

அடக்கத்துக்குப் பிறகு அந்தோனியைப் பார்க்க, அவர்கள் குடியிருந்த கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். இயந்திரம் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. கடைசி நாட்களில் அவள் பேசியது என்ன என்று கேட்டேன். 

“காய்ச்ச ஏறினா அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா. பிளேடு உள்ள போச்சே, பிளேடு உள்ள போச்சேன்னு. கைய மேல தூக்கித் தூக்கிக் காட்டுவா. நான் நிப்பாட்டிட்டேன் புள்ள, நிப்பாட்டிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

நான் அவனிடம் உண்மையைச் சொன்னேன். சுவாமியின் பதிலையும் சொன்னேன். அவன் இயந்திரத்தின்மேல் கிடந்த சாக்கை இழுத்துச் சரிசெய்தான். “இத அவகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா,” என்றான்.  அந்தக் கையுறைகளைத் தருவாயா என்று கேட்க நினைத்துப் போனவள், கேளாமல் திரும்பினேன்.

ஆகவே அவளுடைய பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. அவள் சொல்லித்தந்த ஒரு காரியம் மட்டும் இருக்கிறது. மழை விட்டதும் நான் குடையை மடித்துக்கொண்டு கீழே இறங்குகிறேன். பாத்தும்மா கதவைத் திறந்துவிடுகிறாள். கிழவி படுக்கையிலிருந்து, “வந்திட்டாங்க, மதிலுக்கு டொக்டர்,” என்கிறார். உள்ளங்கையைக் கல்லில் வைக்கிறேன். பயமாக இருக்கிறது என்று உரக்கச் சொல்லுகிறேன். சொன்ன பிறகு கையை எடுக்காமல் வைத்திருக்க முடிகிறது. கல் குளிர்கிறது, இதுவரை வழுக்கவில்லை. அவளுடைய பயம் பலரைக் காப்பாற்றியது. என்னுடைய பயம், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம், அவளை வாங்கில் தனியே உட்கார வைத்தது. கடைசிவரை அவளை அமைதியாகப் படுக்கவும் விடவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லுவது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

இதை நம் ஆலய மாத இதழுக்கு அனுப்புகிறேன்; ஒரு பிரதி மாதர் சபைக்கும் போகிறது. சபையாரிடம் எனக்குக் கேட்க இருப்பது இவ்வளவே. அடுத்த கூட்டத்தில் இதை முழுவதும் உரக்க வாசியுங்கள். குறிப்பேட்டில் லூர்தம்மாள் குழியை அடைத்ததாக உள்ள வரியை அடித்து, என் பெயரை எழுதுங்கள். என் கையெழுத்து ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் இருக்கிறது. செய்தாயிற்று என்பதை, ஆலய வாசலில் வாயால் சொல்லாமல், கடிதமாக எழுதி எனக்கு ஒன்றும் அந்தோனிக்கு ஒன்றும் அனுப்புங்கள்.